செவ்வாய் கிரகத்துக்காரன் வந்த ராத்திரி: ஞாயிறு இணைப்புக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வதந்தி பத்தி ரெண்டு பக்கத்துக்கு கட்டுரை போட்டிருந்தீங்க. வாட்ஸ்அப் ஃபார்வர்டு, பிள்ளை பிடிக்கிறவன் கதை எல்லாம் நல்லாத்தான் எழுதியிருந்தாரு, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நடுவுல கட்டம் கட்டி ஒரு பெட்டிச் செய்தி இருந்துச்சே, 1938-ல அமெரிக்காவுல ஒரு ரேடியோ நாடகத்தை கேட்டுட்டு செவ்வாய் கிரகத்துல இருந்து ஆளுங்க நிஜமாவே வந்துட்டாங்கன்னு நம்பி லட்சக்கணக்கான ஜனங்க வீட்டை விட்டு தெருவுல ஓடினாங்கன்னு, அதை படிச்சதுல இருந்து எனக்கு இருப்புக்கொள்ளல. வதந்தி பத்தின கட்டுரைக்குள்ளயே ஒரு வதந்தி. அதுவும் யாரு கிளப்பினது? அந்த ஊர் பத்திரிகைக்காரங்க. கோவிச்சுக்காம முழுசா படிங்க, வெட்டி போட்டாலும் பரவாயில்ல.

நான் யாருன்னு சொல்லிடறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல, வெளியூர் காலை கையால இணைச்சுக் குடுக்கற டிரங்க் கால் போர்டுல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவ. இங்கிலீஷ் பேச்சு காதுல விழுந்தா புரியும், வேலையே அதுதான். ரெண்டு வருஷம் முன்னாடி கண்புரை ஆபரேஷன் பண்ணினப்ப டிவி, செல்லு எதையும் பாக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சும்மா படுத்துக்கிட்டு ஃபேன் சத்தத்தை எத்தனை நேரம் கேக்கறது. என் பேரன் பாவம், "அம்மாச்சி, கண்ணு வேண்டாம், காது மட்டும் போதும், இதை கேளுங்க"ன்னு இயர்போன மாட்டி விட்டான். அமெரிக்காக்காரங்க 1930, 40-கள்ல போட்ட ரேடியோ நாடகம். நெட்ல ஆயிரக்கணக்குல சும்மா கிடக்குதாம். அன்னிக்கு பிடிச்ச பைத்தியம், கண்ணு சரியாகியும் விடல. ராத்திரி தூக்கம் வரலேன்னா இதுதான். கேக்கறதோட நிக்காம அதை பத்தி பேரன் தேடி எடுத்துக் குடுத்ததெல்லாம் பெரிய எழுத்துல வச்சு படிச்சிருக்கேன். அந்த தைரியத்துலதான் எழுதறேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். 1938 அக்டோபர் 30, ஞாயித்துக்கிழமை ராத்திரி 8 மணி. சிபிஎஸ் ரேடியோவுல மெர்க்குரி தியேட்டர்னு ஒரு நாடகக் குழு. அதை நடத்தினவரு ஆர்சன் வெல்ஸ், வயசு 23. ஹெச்.ஜி. வெல்ஸ், இவர் வேற வெல்ஸ், எழுதின 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'ங்கிற பழைய இங்கிலீஷ் நாவலை ஹோவர்ட் கோச்னு ஒருத்தர் நாடகமா மாத்தி எழுதினாரு. செவ்வாய்க்காரன் எந்த ஊர்ல வந்து இறங்கணும்னு முடிவு பண்ணணுமே, பெட்ரோல் பங்க்ல வாங்கின நியூஜெர்சி மேப்பை விரிச்சு கண்ணை மூடிக்கிட்டு பென்சிலை வச்சாராம், அது போய் குரோவர்ஸ் மில்ங்கிற பட்டிக்காட்டுல நின்னுச்சு. அப்படித்தான் அந்த ஊருக்கு அதிர்ஷ்டம் அடிச்சது, இப்ப அங்க நினைவுச்சின்னமே வச்சிருக்காங்க.

நாடகத்தை நான் நாலஞ்சு தடவை கேட்டுட்டேன். முதல்ல இது மெர்க்குரி தியேட்டரோட நாடகம்னு தெளிவா அறிவிப்பு வருது. அப்புறம் ஒரு ஓட்டல்ல இருந்து டான்ஸ் மியூசிக் ஒலிபரப்பறாப்ல போகுது. நடுவுல மியூசிக்க நிறுத்தி ஒரு செய்தி, செவ்வாய் கிரகத்துல ஏதோ வெடிக்குதுன்னு. மறுபடி மியூசிக். மறுபடி செய்தி. இந்த மியூசிக் இருக்கே, வேணும்னே சவசவன்னு இழுத்துக்கிட்டு போகும், எப்படா முடியும்னு இருக்கும், அப்பதான் செய்தி வரும். அதுல இருக்கு கெட்டிக்காரத்தனம். ஒரு ரிப்போர்ட்டர் அந்த பட்டிக்காட்டு பண்ணையில நின்னு பேசறாரு, உருளை மாதிரி ஒண்ணு விழுந்து கிடக்கு, அதோட மூடி மெதுவா திருகிக்கிட்டு திறக்குது. அந்த சத்தம் எப்படி பண்ணினாங்கன்னு படிச்சப்ப எனக்கு சிரிப்பு தாங்கல. சவுண்ட் எஃபெக்ட்ஸ் பிரிவுக்கு தலைமையா இருந்தவங்க ஓரா நிக்கல்ஸ்னு ஒரு அம்மா, அந்தக் காலத்துல பொம்பளை அந்த வேலையில இருந்ததே அபூர்வம், அவங்க பாத்ரூமுக்குள்ள போய் காலி ஊறுகாய் ஜாடி மூடிய மெதுவா திருகி அதை மைக்ல பிடிச்சாங்கன்னு சொல்றாங்க. ஊறுகாய் ஜாடிங்க அய்யா! எங்க வீட்டுல நானும் பண்ணிப் பாத்தேன், குளியல்ரூம்ல எதிரொலியோட நல்லாவே வருது, எங்க வீட்டுக்காரர் கதவை தட்டி என்னாச்சுன்னு கேட்டாரு.

அந்த ரிப்போர்ட்டரா நடிச்சவர் ஃபிராங்க் ரெடிக். அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் ஹிண்டன்பர்க்னு ஒரு ஜெர்மன் ஆகாயக்கப்பல் அதே நியூஜெர்சியில எரிஞ்சு விழுந்துச்சு. அங்க நின்ன ஹெர்பர்ட் மாரிசன்ங்கிற ரேடியோக்காரர் குரல் உடைஞ்சு அழுதுக்கிட்டே சொன்னது ரெக்கார்டு ஆகியிருந்துச்சு. ரெடிக் அந்த ரெக்கார்டை திருப்பித் திருப்பி போட்டுக் கேட்டுத்தான் இந்த வேஷத்துக்கு தயாரானாராம். ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டா தெரியும், மூச்சு வாங்கறது கூட அதே மாதிரி. அப்புறம் தீக்கதிர் மாதிரி ஒண்ணு பரவுது, ஜனங்க அலறுறாங்க, அவர் பேசிக்கிட்டே இருக்காரு, பாதி வாக்கியத்துல கட்.

அதுக்கப்புறம் சத்தமே இல்ல. ஒரு சில செகண்டுதான். ஆனா ரேடியோவுல அது எவ்ளோ நேரம்னு எங்களை மாதிரி காதுல ஹெட்செட் மாட்டி வேலை பாத்தவங்களுக்கு நல்லா தெரியும். லைன்ல பேசிக்கிட்டு இருந்தவர் குரல் திடீர்னு நின்னா நமக்கு கை தானா போர்டுல இருக்கற கீயை, அதான் லைன்ல நாம பேச, கேக்க போடற சுவிட்சை, தட்டும், "ஹலோ, பேசறீங்களா, பேசறீங்களா". அந்த இடத்துல கண்ணுக்கு கட்டு போட்டு படுத்திருந்த எனக்கே கை போச்சு.

இப்ப ஓடினாங்கன்னு சொல்றீங்களே, அந்த கதைக்கு வரேன். அன்னிக்கு அதே நேரத்துல இன்னொரு ரேடியோவுல எட்கர் பெர்கன் நிகழ்ச்சி. அமெரிக்காவுலயே நம்பர் ஒன். அவர் யாருன்னா பொம்மையை மடியில வச்சுக்கிட்டு வாய் அசையாம பேசறவரு. ரேடியோவுல! வாய் அசையுதா இல்லையான்னு யாருக்கு தெரியப்போகுது? அதான் அந்த காலம். ஜனங்க பெரும்பாலும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்த ராத்திரியே ஹூப்பர்னு ஒரு கம்பெனி 5,000 வீட்டுக்கு போன் போட்டு என்ன கேக்கறீங்கன்னு கணக்கெடுத்துச்சு. ஆர்சன் வெல்ஸ் நாடகத்தை கேட்டுக்கிட்டு இருந்ததா சொன்னது 2 சதவீதம் பேர்தான். நூத்துல ரெண்டு வீடு. அதுலயும் நாடகம் ஆரம்பத்துல ஒரு தடவை, நடுவுல ஒரு தடவை, கடைசில ஒரு தடவை இது கதைதான்னு சொல்றாங்க. முடிவுல ஆர்சன் வெல்ஸே வந்து, நாளைக்கு ஹாலோவீன், அவங்க ஊர்ல பேய் வேஷம் போட்டு பயமுறுத்தி விளையாடற நாள், அதுக்காக போர்வைய போத்திக்கிட்டு பூச்சாண்டி காட்டினோம்ங்கிற மாதிரி சொல்லி முடிக்கறாரு.

அப்ப யாருமே பயப்படலையான்னா, பயந்தாங்க, அதை நான் மறுக்கல. பாதியில ட்யூன் பண்ணினவங்க ஏமாந்தாங்க. அதுக்கும் காரணம் இருக்கு. ஒரு மாசம் முன்னாடி, செப்டம்பர் 1938-ல, ஹிட்லர் செக்கோஸ்லோவாக்கியா மேல கை வைக்கப்போற நெருக்கடி, மூனிச் மாநாடு. அப்ப அமெரிக்க ரேடியோவுல நாள் பூரா நிகழ்ச்சிய நிறுத்தி நிறுத்தி செய்தி சொன்னாங்க. ஜனங்களுக்கு மியூசிக் நின்னா ஏதோ விபரீதம்னு காது பழகிப்போச்சு. சில பேர் செவ்வாய்க்காரன்னு நினைக்கவே இல்ல, ஜெர்மன்காரன் வந்துட்டான்னுதான் நினைச்சாங்க. ஆக அவங்க முட்டாள் இல்ல, போன மாசம் வரைக்கும் அப்படி வந்த செய்தி எல்லாம் நிஜமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

பயந்தவங்க என்ன பண்ணினாங்க? போன் பண்ணினாங்க. நியூஜெர்சி வடபக்கம் அந்த ஒரு மணி நேரத்துல கால் எண்ணிக்கை கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுச்சுன்னு டெலிபோன் கம்பெனி கணக்கு இருக்கு. இதைக் காட்டித்தான் ஒரே பீதின்னு எழுதறாங்க. எனக்கு இது வேற மாதிரி தெரியுது. 1987 டிசம்பர் 24, எம்ஜிஆர் இறந்த அன்னிக்கு விடிகாலை நான் போர்டுல இருந்தேன். மூணரை, நாலு மணிக்கு மேல ஒவ்வொரு லேம்பா எரிய ஆரம்பிச்சு அஞ்சு மணிக்கு போர்டு முழுக்க எரியுது, தீபாவளி மாதிரி, எந்த ஒயரை எடுத்து எந்த ஓட்டையில சொருகறதுன்னே தெரியல. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, நிஜமா?" கேட்டுட்டு வச்சுட்டாங்க. சில பேர் அழுதாங்க. போன் பண்றவன் விசாரிக்கறவன். நம்பிட்டவன் ஏன் போன் பண்றான்? ஓடறவன் டயல் பண்ணிக்கிட்டு நிக்க மாட்டான். 40 சதவீதம் கால் கூடினா அது ஜனங்க புத்தியோட இருந்ததுக்கு சாட்சிங்க அய்யா, அதை பைத்தியக்காரத்தனத்துக்கு சாட்சியா தலைகீழா வச்சுட்டாங்க.

மறுநாள் காலைல பேப்பர் எல்லாம் முதல் பக்கத்துல கொட்டை எழுத்து, ரேடியோ நேயர்கள் பீதின்னு. நியூயார்க் டைம்ஸ் முதற்கொண்டு. ஏன்? இதை ஒரு பத்திரிகை ஆசிரியருக்கே சொல்றதுக்கு கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. அப்ப அங்க பொருளாதாரம் படுத்திருந்த காலம், விளம்பரக் காசு பூரா பேப்பரை விட்டு ரேடியோவுக்கு போய்க்கிட்டு இருந்துச்சு. அஞ்சு வருஷம் முன்னாடி, 1933 டிசம்பர்ல, ரேடியோ செய்தியே சொல்லக்கூடாதுன்னு நெருக்கி ஒரு ஒப்பந்தமே போட வச்சாங்க, ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு தடவை, அதுவும் அஞ்சஞ்சு நிமிஷம், அதுவும் பேப்பர் வந்து வித்ததுக்கு அப்புறம்தான் படிக்கணும்னு. அது நிக்கல, ரேடியோ ஜெயிச்சிருச்சு. அந்த வயித்தெரிச்சல்ல இருந்தவங்களுக்கு இந்த நாடகம் வெல்லம் மாதிரி கிடைச்சது. பாருங்க, ரேடியோவை நம்பினா இப்படித்தான்னு எழுதித் தள்ளிட்டாங்க. அப்புறம் 1940-ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல இருந்து ஹேட்லி காண்ட்ரில்னு ஒரு பேராசிரியர் புத்தகம் போட்டாரு, பத்து லட்சத்துக்கு மேல பேர் பயந்தாங்கன்னு. விரிவா பேட்டி எடுத்தது 135 பேரை, பெரும்பாலும் நியூஜெர்சியில, அதுவும் முக்காவாசி பயந்தவங்களையே தேடிப் பிடிச்சு. உங்க கட்டுரைல வந்த "லட்சக்கணக்கான" அங்க இருந்து வந்ததுதான். பயந்ததுக்கும் தெருவுல ஓடினதுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருக்கு, அதை யார் தாண்டினாங்கன்னு தெரியல.

நிஜமாவே கலவரம் நடந்தது வேற ஊர்ல. எக்வடார் நாட்டு கீட்டோ நகரம், 1949 பிப்ரவரி 12. அங்க இதே கதைய ஸ்பானிஷ்ல உள்ளூர் பேரெல்லாம் போட்டு ஒலிபரப்பினாங்க, ஜனங்க நிஜம்னு நம்பி வெளிய வந்தாங்க, நாடகம்னு தெரிஞ்சதும் கோவத்துல ஸ்டேஷன் கட்டிடத்துக்கே தீ வச்சுட்டாங்க, உள்ள இருந்தவங்க செத்தே போனாங்க. அந்த ஸ்டேஷன் இருந்தது ஒரு பத்திரிகை ஆபீஸ் கட்டிடத்துல, ரெண்டுக்கும் ஒரே முதலாளி. பெட்டிச் செய்தில இதைப் போட்டிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

எனக்கு இதை விட பெரிய ஆதங்கம் ஒண்ணு இருக்கு. அமெரிக்க ரேடியோ நாடகம்னா எல்லாரும் இந்த ஒரு செவ்வாய்க் கதையத்தான் சொல்றாங்க. முப்பது வருஷம் ஒரு நாடே ராத்திரி ராத்திரி காதுல பாத்த நாடகம் எல்லாம் என்னாச்சு? என்னைக் கேட்டா முதல்ல சொல்ல வேண்டியது 1943 மே 25-ல சஸ்பென்ஸ்ங்கிற தொடர்ல வந்த "சாரி, ராங் நம்பர்". எழுதினது லூசில் ஃப்ளெட்சர்னு ஒரு அம்மா. நடிச்சது ஆக்னஸ் மூர்ஹெட், ஏறக்குறைய தனியாவே அரை மணி நேரம். ஒரு நோயாளி அம்மா, படுத்த படுக்கை, வீட்டுல தனியா இருக்கு, புருஷன் ஆபீஸுக்கு போன் பண்ணுது, எங்கேஜ்டாவே இருக்கு. ஆபரேட்டர்கிட்ட சொல்லி போடச் சொல்லுது, கிராஸ் டாக் ஆகி ரெண்டு ஆம்பிளைங்க பேசறது காதுல விழுது. இன்னிக்கு ராத்திரி பதினொண்ணே கால் மணிக்கு ஒரு பொம்பளைய கொல்லப்போறாங்க, ரயில் பாலத்து மேல போறப்ப, கத்தினா கேக்காதுன்னு. கட்.

அதுக்கப்புறம் அந்த அம்மா ஆபரேட்டரை கூப்பிட்டு, அந்த ராங் நம்பரை மறுபடி போட்டுக் குடுங்கன்னு கெஞ்சுது. ஆபரேட்டர் குரல் இருக்கே. தேன் மாதிரி, ஆனா உள்ள ஒண்ணுமே இல்லாத குரல். எந்த நம்பர் வேணும் உங்களுக்கு? அதே கேள்வி, அதே ராகம். சீஃப் ஆபரேட்டர்கிட்ட போகுது, கால் முடிஞ்சு போச்சு, இனி கண்டுபிடிக்க முடியாது, மேலிடத்து உத்தரவு வேணும்ங்கறாங்க. போலீஸ்காரர் சாவகாசமா கேக்கறாரு. மணி நகருது.

கேக்கறவங்களுக்கெல்லாம் அந்த ஆபரேட்டர் மேல கோவம் வரும். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. அது என் குரல். எங்களுக்கு ட்ரெயினிங்லயே சொல்லிக் குடுப்பாங்க, லைன்ல பேசறவங்க கத்தினாலும் அழுதாலும் உங்க குரல் ஏறவும் கூடாது எறங்கவும் கூடாதுன்னு. 1981-ன்னு நினைக்கிறேன், நைட் டியூட்டி. ஒரு டிரங்க் லைன்ல பேச்சு நடக்குதா முடிஞ்சுதான்னு பாக்க கீயை போட்டேன், காசு கணக்கு போட டிக்கெட்ல, அதான் கால் சீட்டுல, டைம் எழுதணுமே, அதுக்குத்தான். ரெண்டு பேர் பேசறாங்க, அண்ணன் தம்பின்னு தெரியுது. அம்மா மருந்து மயக்கத்துல இருக்கப்பவே கைநாட்டை வாங்கிடணும், விடிஞ்சா தங்கச்சி வந்துருவாங்கறான் ஒருத்தன். நான் கீயை மூடிட்டேன். டிக்கெட்ல ஆறு நிமிஷம்னு எழுதினேன். லைன்ல கேட்டதை வெளிய சொல்லக்கூடாது, அது சட்டம், வேலை போயிரும். யார்கிட்டயும் சொல்லல, இப்பதான் எழுதறேன். அந்த கிழவிக்கு என்னாச்சோ. லூசில் ஃப்ளெட்சர் போர்டுல உக்காந்ததே இல்ல, ஆனா போர்டுல உக்காந்தவளோட சங்கடம் அந்த அம்மாவுக்கு எப்படி தெரிஞ்சதுன்னு நான் யோசிக்காத நாளில்ல. ஆர்சன் வெல்ஸே ரேடியோவுக்கு எழுதினதுலயே இதுதான் உசத்தின்னு சொன்னாராம். முடிவை எழுத மாட்டேன், கேட்டுக்கோங்க. முதல் தடவை ஒலிபரப்பினப்ப கடைசி கட்டத்துல ஒரு நடிகர் தடுமாறி, முடிவே சில பேருக்கு புரியாம போச்சாம், லைவ் ஆச்சே. ஜனங்க விடல, அதே வருஷம் ஆகஸ்ட்ல மறுபடி போட்டாங்க, அப்புறமும் பல தடவை, எல்லாத்துலயும் அதே ஆக்னஸ் மூர்ஹெட்தான்.

லைவ்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் சொல்லணும். பெரிய ரேடியோ கம்பெனிங்க ரொம்ப காலம் ரெக்கார்டு போட்டு ஒலிபரப்பறதை ஒத்துக்கல. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூணு மணி நேர வித்தியாசம். அதனால நியூயார்க்காரங்களுக்கு ஒரு தடவை நடிச்சுட்டு, சாப்பிட்டு வந்து, கலிஃபோர்னியாகாரங்களுக்கு அதே நாடகத்தை அதே அழுகையோட மறுபடி நடிச்சிருக்காங்க. தினமும்! 1946-ல பிங் கிராஸ்பிங்கிற பாட்டுக்காரர் என்னால முடியாது, ரெக்கார்டுதான் பண்ணுவேன்னு வேற கம்பெனிக்கு போனதுக்கு அப்புறம்தான் அந்த கட்டுப்பாடு தளர்ந்துச்சு. சத்தம் எல்லாமும் அந்த நிமிஷமே கையால பண்ணணும். பனியில நடக்கற சத்தத்துக்கு சோளமாவை டப்பாவுல போட்டு அமுக்கறது, தீ எரியறதுக்கு கண்ணாடிப் பேப்பரை கசக்கறது, இடிக்கு தகரத்தை உலுக்கறது. குதிரைக்கு கொட்டாங்கச்சி, இது நமக்கே தெரியும், நாடகக் கொட்டகையில பாத்ததுதானே.

அப்புறம் சோப்பு. டிவி சீரியலை திட்டிக்கிட்டே பாக்கறோமே, அதுக்கு பாட்டி இங்க இருக்கு. சோப்புக் கம்பெனிங்க மத்தியானம் வீட்டுல வேலை பாக்கற பொம்பளைங்களுக்காக காசு குடுத்து நடத்தின 15 நிமிஷ நாடகம், அதான் சோப் ஆப்பரான்னு பேரே வந்துச்சு. மா பெர்கின்ஸ்னு ஒண்ணு 1933-ல ஆரம்பிச்சு 1960-ல முடிஞ்சது, 7,000 எபிசோடுக்கு மேல. கிழவி வேஷம் போட்ட வர்ஜீனியா பெய்னுக்கு ஆரம்பிக்கும்போது வயசு 23, கடைசி வரைக்கும் ஒரு நாள் கூட லீவு போடலயாம். நான் ஒரு வாரம் கேட்டேன். சுமார்தான். மாமியார் பிரச்சனை எந்த நாட்டுலயும் ஒரே வேகத்துலதான் நகருது.

லக்ஸ் சோப்புக்காரங்க வேற ஒண்ணு பண்ணினாங்க, 1934-ல இருந்து 55 வரைக்கும். முதல்ல மேடை நாடகத்தையும், அப்புறம் ஓடின சினிமாவையும் ஒரு மணி நேர ரேடியோ நாடகமாக்கி, பெரிய பெரிய நட்சத்திரங்களையே வரவச்சு, முன்னாடி ஜனங்களை உக்கார வச்சு நடிக்க வச்சாங்க. நம்ம ரேடியோவுல ஞாயித்துக்கிழமை ஒலிச்சித்திரம் போடுவாங்களே ஞாபகம் இருக்கா, சினிமாவோட சத்தத்தை அப்படியே வெட்டி ஒட்டி, நடுவுல சண்டைக்காட்சில டிஷ்யூம் டிஷ்யூம் மட்டும் அஞ்சு நிமிஷம் கேக்கும், யார் யாரை அடிக்கிறான்னே தெரியாது. அவங்க காதுக்குன்னு புதுசா எழுதி நடிச்சாங்க. வித்தியாசம் அங்கதான்.

எல்லாம் தங்கம்னு நான் சொல்ல வரல. அமோஸ் அண்ட் ஆண்டின்னு ஒரு தொடர், 1928-ல ஆரம்பிச்சது, அது ஒலிபரப்பாகற நேரத்துல சினிமா தியேட்டர்ல படத்தை நிறுத்திட்டு ரேடியோவை போட்டுக் கேட்டாங்கன்னா பாத்துக்கோங்க. ரெண்டு வெள்ளைக்காரங்க கறுப்பினத்துக்காரங்க மாதிரி பேசி கேலி பண்றதுதான் பூரா நிகழ்ச்சியே. பேரன் போட்டு விட்டான், பத்து நிமிஷத்துல நிறுத்தச் சொல்லிட்டேன். 1931-லயே பிட்ஸ்பர்க் கூரியர்னு கறுப்பினத்தார் நடத்தின பத்திரிகை இதை நிறுத்தச் சொல்லி கையெழுத்து இயக்கம் நடத்துச்சு. பத்திரிகைக்காரங்களை மேல திட்டினேன்ல, இதையும் எழுதிடணும்.

1962 செப்டம்பர் 30-ஆம் தேதி சஸ்பென்ஸ் கடைசி எபிசோடு. அதோட முடிஞ்சது, டிவி தின்னுருச்சு. நமக்கு இன்னிக்கு கேக்க கிடைக்கறது 16 அங்குல பெரிய ரெக்கார்டு தட்டுல அப்பப்ப பதிஞ்சு வச்சதாலயும், யுத்தத்துல இருந்த சிப்பாய்ங்களுக்கு அனுப்ப தட்டு போட்டதாலயும்தான். யுத்தகாலத்துல அலுமினியம் கிடைக்காம கண்ணாடித் தட்டுல பதிஞ்சதெல்லாம் கை தவறினா தூள்.

நான் சின்னப்பிள்ளையில எங்க தெருவுல ரெண்டு வீட்டுலதான் ரேடியோ, அதுக்கு லைசென்ஸ் வேற, போஸ்டாபீஸ்ல போய் பணம் கட்டணும். நாடகம் வர்ற ராத்திரி திண்ணை கொள்ளாது. திருச்சி ஸ்டேஷன் எடுக்கும், சிலோன் அதை விட தெளிவா எடுக்கும். அதுல கேட்ட ஒரு நாடகத்துல கதவு கிறீச்சுன்னு திறக்கும், எங்க அப்பத்தா திரும்பி எங்க வீட்டு கதவைப் பாத்துச்சு. நாடகம் பேரு ஞாபகம் இல்ல. அதை இப்ப எங்க தேடினாலும் கிடைக்கல, பேரனும் ஒரு வாரமா தேடிட்டான். உங்க வாசகர்கள்ல யாராவது அப்ப டேப்ல பிடிச்சு வச்சிருந்தா, தயவு செஞ்சு பூஞ்சக்காளான் பிடிக்கறதுக்குள்ள காப்பி எடுத்து வைக்கச் சொல்லி நாலு வரி போடுங்க. செவ்வாய்க் கதைக்கு குடுத்த இடத்துல பாதி போதும்.

கடைசியா, மறந்தே போயிட்டேன், படம். பெட்டிச் செய்தில "நாடகத்தை நடத்திய ஆர்சன் வெல்ஸ்"னு போட்டு ஒரு மீசைக்காரப் பெரியவர் படத்தை போட்டிருக்கீங்க. அவர் நாவல் எழுதின ஹெச்.ஜி. வெல்ஸ். தமிழ்ல எழுதினா ரெண்டு பேரும் வெல்ஸ்தான், அதுல வந்த குழப்பம்னு புரியுது, இங்கிலீஷ்ல ஒரு எழுத்து கூடக்குறைய வரும். ரெண்டு வெல்ஸும் நேர்ல சந்திச்சிருக்காங்க, 1940 அக்டோபர்ல, டெக்சாஸ்ல சான் அன்டோனியோ ஊர்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல உக்காந்து பேசியிருக்காங்க, அந்தப் பேச்சும் கேக்க கிடைக்குது, பெரியவர் சின்னவரை நல்லா கிண்டல் பண்றாரு. நீங்க போட வேண்டியது சின்னவர் படம். கன்னம் உப்பின பையன், மறுநாள் காலைல நிருபர்கள் சுத்தி நிக்க, தூக்கமில்லாத கண்ணோட, நான் ஒண்ணும் பண்ணலயேங்கிற மாதிரி முழிக்கிற படம் ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க.

இப்படிக்கு,
பழைய டிரங்க் ஆபரேட்டர் ஒருத்தி,
திண்டுக்கல்.